மிளகாய் மிஷினில் அரைத்த எலுமிச்சை உப்பு

எங்கள் வீட்டில் குளிக்கிற தொட்டி கிடையாது. குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. வாளியும் கப்பும்தான். அதனால், தொட்டித் தண்ணீரில் போட்டுக் குளிக்கிற வாசனை உருண்டையை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது, அது யாருக்கு என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஐந்தருவிப் பக்கம் லாட்ஜுல எல்லாம் தொட்டி வச்சிருக்காவ. வந்து தங்குதவங்களுக்கு" என்றாள். "வாளில குளிக்கிற உங்களுக்கு யாரு குடுக்கப் போறா?"

போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பெயர் பாத் பாம் என்றாள். நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். "மெல்லச் சொல்லுங்க, போலீசு வந்துரும்" என்று சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமல்தான் இதற்கெல்லாம் காரணம். பதினேழு வயதிலிருந்து பீடி சுற்றியவள். தூள் நெஞ்சில் இறங்கியிருக்கிறது, இலையையும் தூளையும் விட்டால்தான் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை விட்டாள். இரண்டு தடவையும் வேறு வேலை அமையாமல் திரும்பவும் பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்தாள். இது மூன்றாவது தடவை. உருண்டை சரியாக வந்தால் அவள் இனி இலையைத் தொட வேண்டியதில்லை. நாங்கள் அதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

ஆப்ப சோடா, எலுமிச்சை உப்பு, சோள மாவு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ரோஸ் கலர், வாசனைத் தைலம். இவ்வளவுதான். ஆனால் தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினாலும் கலவை கையிலேயே நுரைத்துவிடும். நாங்கள் ஆரம்பித்ததோ சீசன் நேரம். சாரல் வீட்டுக்குள் வரைக்கும் வரும். தீப்பெட்டி கூட உரசினால் பற்றாது. முதலில் செய்த உருண்டைகள் காற்றின் ஈரத்தைக் குடித்து, பல்வலி வந்தவன் கன்னம் மாதிரி ஒரு பக்கமாக வீங்கிக்கொண்டன. பிறகு சின்ன அறையில் சன்னலை அடைத்து, குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் சூட்டில் காயவைத்தோம். அது சரிப்பட்டது.

எலுமிச்சை உப்புதான் சரிப்படவில்லை. கடையில் அது கல்லு கல்லாக வருகிறது. அப்படியே போட்டால் உருண்டை பிதிர்ந்துபோகும். மிக்சியில் அரைத்தாள், மிக்சி புகைந்து நின்றுவிட்டது. "பவுடர் மாதிரி வேணும்ங்க" என்றாள். நான் மாவு மில்லில் வேலை பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்று, அடுத்த சில வருஷங்களில் மில்லுக்குள் போனவன், இன்றுவரைக்கும் அங்கேதான். யாரோடும் பேசப் பழகாத எனக்கு அது தோதான இடம். மிஷின் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தூக்குச்சட்டியை நீட்டுவார்கள், அரைத்துக் கொடுப்பேன்.

"நான் அரைச்சிட்டு வாரேன்" என்றேன்.

மில்லில் இரண்டு மிஷின். ஒன்று அரிசி, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. இதில் அரைப்பதை அதில் அரைக்கக் கூடாது என்பது மில்லில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி சுந்தரபாண்டியபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எலுமிச்சை உப்பை மாவு மிஷினில் போட எனக்கு மனது வரவில்லை. நாளைக்கு யாராவது பிள்ளைக்குக் கஞ்சி மாவு அரைக்க வருவார்கள்; அதில் புளிப்பு ஏறிவிட்டால் என்ன செய்வது? மிளகாய்த் தூளில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்து, மிளகாய் மிஷினில் போட்டேன்.

சும்மா போடவில்லை. கல்லைச் சுத்தம் செய்ய எப்போதும் செய்வது போல முதலில் ஒரு படி அரிசியை ஓட்டினேன். சிவப்பாக வந்தது. இன்னொரு படி ஓட்டினேன். வெள்ளையாக வந்தது. அதற்குப் பிறகுதான் உப்பைக் கொட்டினேன். அரைக்கும்போது மூக்கும் தொண்டையும் எரிந்தன. எலுமிச்சை உப்பின் தூசி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் செய்யவில்லை. மிஷின் வாயில் மாவு இறங்குவதற்கு நீளமாக ஒரு துணி கட்டியிருக்கும். தினமும் மிஷினை நிறுத்தியதும் அதை அவிழ்த்து, சுவரில் அடித்து உதறுவேன். அன்றைக்கு முதலாளி எப்போது வருவாரோ என்ற பயத்தில் துணியை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அன்று காலை முழுக்க அரைத்த மிளகாய் அதன் மடிப்புகளில் இருந்திருக்கிறது.

வெள்ளைத் தூளில் லேசாகச் சிவப்பு இருந்திருக்கலாம். கலர் சேர்த்ததும் எல்லாமே ரோஸ் ஆகிவிட்டது. மனைவியின் விரல்களில் பீடி இலை அறுத்த வெடிப்புகள் உண்டு. எலுமிச்சை உப்பு பட்டால் காந்தும் என்று கையுறை போட்டுத்தான் பிசைந்தாள். அதனால் அவளுக்குத் தெரியவில்லை. காய்ந்த பிறகு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு, என் கையை விடச் சொன்னாள். அது பொங்கி, நுரைத்து, வீடெல்லாம் மணத்தது. "எப்படி இருக்கு?" என்றாள். "நல்லாயிருக்கு" என்றேன். இத்தனை வருஷம் மிளகாய் அள்ளிய கை இது. இதற்கு எரிச்சல் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் இருபத்து நாலு உருண்டைகளை அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி, ஐந்தருவி போகிற வழியில் உள்ள ஒரு லாட்ஜில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரும்போது பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது வீட்டில் அவள் கண் சிவந்து, முகத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். உடைந்து மிச்சமிருந்த பாதி உருண்டையைத் தண்ணீரில் கரைத்து முகம் கழுவியிருக்கிறாள்.

"எரியுதுங்க. மூஞ்சி, கழுத்து எல்லாம் காந்துது. நான்தான் உப்பு அளவைத் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். "படிச்சவ செய்யுத வேலை இது. எனக்கு இலைதான் லாயக்கு. நாளைக்குப் போயி இலை வாங்கிட்டு வாரேன்."

எனக்கு உடனே அந்தத் துணி ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "இந்தா வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தேன்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது முழுக்க நனைந்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, யாரைப் பாக்கணும்?"

"நேத்து குடுத்த உருண்டை... அதைத் திருப்பித் தரணும்."

"எதுக்கு? ஜம்முனு மணக்குதே."

"அளவு தப்பிட்டு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் பெட்டியை எடுத்து வந்தார். எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று இருந்தன. ஒன்று மாடியில் ஓர் அறைக்குப் போயிருக்கிறது என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அந்த ரூம்ல கேரளாக்காரங்க. காலைல பாப்பாவுக்கு உடம்பெல்லாம் சிவந்து, ஒரே அழுகை. அருவித் தண்ணி ஒத்துக்கலைன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. சின்னப் பிள்ளைய அருவிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொன்னா யாரு கேக்கா?"

பெட்டி என் கையில் இருந்தது. வாசல் திறந்திருந்தது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எல்லாரும் அருவியைத்தான் குறை சொன்னார்கள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் அது அதோடு முடிந்திருக்கும். வாசல்படி வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். டாக்டர் என்னவென்று நினைத்து மருந்து கொடுப்பார் என்ற கேள்வி என்னை நகரவிடவில்லை.

"மழை விட்டதும் போலாம்னு நிக்குதியளா?" என்று மேனேஜர் கேட்டார். தலையை ஆட்டினேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கார் வந்து நின்றது. குழந்தை தாயின் தோளில் தூங்கியது. இரண்டு வயதுக்குள்தான் இருக்கும். கால் இரண்டிலும் ஏதோ வெள்ளை மருந்து தடவியிருந்தார்கள். நான் தகப்பனின் முன்னால் போய் நின்றேன்.

"எந்தா?" என்றார். பிறகு தமிழில், "என்ன வேணும்?"

"அருவித் தண்ணி இல்ல சார். இந்த உருண்டைதான்" என்று பெட்டியைக் காட்டினேன். "இதுல மிளகாய் பட்டிருக்கு. மில்லுல அரைச்சது நான்தான். என் வீட்டுக்காரிக்குத் தெரியாது."

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் தாய்தான் பேசினாள். "மிளகாயோ?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையின் காலைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள். தகப்பன் போனை எடுத்து டாக்டரிடம் சொன்னார். எண்ணெய் தடவி மெதுவாகத் துடைத்தெடுக்கச் சொன்னார்களாம். மேனேஜர் சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். நான் யாருக்கும் உதவாமல் ஓரமாக நின்றேன். கடைசியில் மேனேஜர் என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "இனிமே இங்கன எதுவும் கொண்டு வர வேண்டாம், அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கட்டு இலை கடன் வாங்கி நனைத்து வைத்திருந்தாள். மடியில் தட்டு. கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை.

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று முதலில் கேட்டாள்.

"தூங்குது. சரியாப் போயிரும்னாவ."

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். பிறகு, "மத்தியானமே தெரியும், இல்ல?" என்றாள்.

"தெரியும்."

"நான் என் கையைக் குறை சொல்லிட்டு உக்காந்திருக்கேன். நீங்க பாத்துட்டுப் போறிய." அவள் குரல் உயரவில்லை. "ஒரு வார்த்தை. என் அளவு சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அவள் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்த உருண்டைகளைக் குப்பையில் போட முடியாது, தெருப் பிள்ளைகள் எடுத்துவிடும். கொல்லையில் சாக்கடை ஓரம் வாளியை வைத்து ஒவ்வொன்றாகக் கரைத்து ஊற்றினேன். ஒவ்வொன்றும் ஒரு குறையுமில்லாமல் பொங்கியது. தண்ணீரில் போடும் வரைக்கும் உருண்டை வடிவம் மாறவில்லை, வெடிப்பு இல்லை, நுரை வாளி விளிம்பு வரைக்கும் எழும்பியது. அவள் வேலையில் ஒரு தப்பும் இல்லை. தெரு முழுக்க மணம் போயிற்று. பின்வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம், இந்த மணம் மணக்குது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல ஆச்சி" என்றேன்.

உள்ளே அவள் இருமினாள். நான் அடுத்த உருண்டையை எடுத்தேன்.