சத்தம் போடாத எஞ்சின்

டெல்லியில் டீசல் காருக்குப் பத்து வயதுதான் ஆயுசு. எங்கள் வண்டிக்கு ஒன்பதே முக்கால் ஆனபோது என் கணவர் தினமும் காலையில் கீழே இறங்கிப் போய், கல்யாணம் நிச்சயமான பெண்ணைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வருவார். வேறு மாநிலத்தில் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்து என்ன வண்டி என்பதில்தான் எங்கள் வீடு இரண்டுபட்டது.

அவருக்கு டர்போ பெட்ரோல் வேண்டும். காலை வைத்தால் சீறிக்கொண்டு கிளம்பும், இழுவை அதிகம். எனக்கு ஹைப்ரிட். அதில் பெட்ரோல் எஞ்சினோடு ஒரு பேட்டரியும் மோட்டாரும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடும், மோட்டார் வண்டியை நகர்த்திக்கொண்டு போகும். வீடு இருக்கிற முனிர்காவிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட், அங்கிருந்து திரும்ப முனிர்கா. இதுதான் எங்கள் உலகச் சுற்றுப்பயணம். பாதி நேரம் சிக்னலில் நிற்போம், மீதி நேரம் சிக்னலுக்காக நிற்போம். இதற்கு எதற்குச் சீறிக்கொண்டு போகிற எஞ்சின்?

"ரெண்டு பேரும் ரிட்டயர்டு. யாரைத் துரத்திப் பிடிக்கப் போறிய?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பேப்பரைப் புரட்டினார்.

பதில் சொல்லாததுதான் என் பிரச்சினை. வண்டி பிற்பாடு.

அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் முப்பத்து நாலு வருடம் பெரிய பெரிய டீசல் ஜெனரேட்டர்களைப் பராமரித்தவர். எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லுவார் என்று அவருடைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் நான் பேசுவது மட்டும் காதில் விழுவதில்லை. சமையலறையிலிருந்து ஒன்று கேட்பேன், ஹாலில் அசைவே இருக்காது. காரில் போகும்போது ஏதாவது சொல்வேன், ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். ரொம்ப வற்புறுத்தினால் ஒரு "அச்சா" வரும். டெல்லிக்கு வந்து இத்தனை வருடத்தில் இந்தியில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதானோ என்று தோன்றும்.

நான் மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வாத்தியாராக இருந்தவள். நாற்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கியவள். என் குரல் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். ஆகவே எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது: இந்த மனிதருக்கு என்மேல் இருந்த ஒட்டுதல் போய்விட்டது. ஆபீஸ் இருந்தவரை சாயங்காலம் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டார், இப்போது நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படித்தான் நினைத்தேன். நினைத்து நினைத்து உள்ளுக்குள் புண்ணாகிப் போயிருந்தது. புனேயில் இருக்கிற மகளிடம் போய் ஆறு மாதம் இருந்துவிடலாம், ஆறு மாதம் ஒரு வருடமானாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். புது வண்டி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

மகள் டெல்லியில் பிறந்தவள். அவள் தமிழ் பாதி இந்தி, மீதி இங்கிலீஷ். "அம்மா, சிட்டிக்கு ஹைப்ரிட்தான் பெஸ்ட். அப்பாவை ஜல்தி டிசைட் பண்ணச் சொல்லு" என்றாள். அதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது என் குரல் பக்கத்து ஃபிளாட் வரைக்கும் போயிருக்கும். "எதுக்கெடுத்தாலும் என்னத்துக்கு இப்படிச் சண்டைக்கு வார?" என்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சாதாரணமாகச் சொன்னால் பதில் இல்லை, சத்தமாகச் சொன்னால் சண்டைக்காரி. நல்ல நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய டீசல் வண்டியிலேயே ஷோரூமுக்குப் போனோம். வழி நெடுக அது கடகடவென்று அரைத்துக்கொண்டு போனது. நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. விற்பனையைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயதுகூட இருக்காது. அங்கிள், ஆண்ட்டி என்று இந்தியில் தேனாகப் பேசினாள். இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சாவிகளை எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முதலில் டர்போ. ஸ்டார்ட் செய்ததும் என் கணவரின் முகம் மாறிவிட்டது. உள்ளங்கையை ஸ்டியரிங்மேல் விரித்து வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எஞ்சினைக் கேட்டார். ஆமாம், கேட்டார். ஒன்றரை வருடமாக நான் பார்க்காத ஒரு முகம் அது. மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்தினார் பாருங்கள், நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். "மெதுவாப் போங்க" என்றேன். இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை கத்தினேன். "ஏன் கத்துத? மெதுவாத்தானே போறேன்!" என்றார். பின்னாலிருந்த பெண் ஜன்னல் வழியாக டெல்லியை ரசிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஷோரூம் வாசலில் வண்டி மாற்றினோம். ஹைப்ரிட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி அழுத்தினார். அந்தப் பெண் பதறிப்போய், "அங்கிள், முதல்லயே ஆன் ஆயிடுச்சு, இப்ப ஆஃப் பண்ணிட்டீங்க" என்று இந்தியில் சொன்னாள். மூன்றாவது முறை அழுத்திவிட்டு, ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் உள்ளங்கையை இங்கேயும் அங்கேயும் வைத்துப் பார்த்தார். டாஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஓசையில்லாமல் நகர்ந்தது. அவர் முகத்தில் ஒரு திகைப்பு. கோபம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். "எஞ்சினே இல்லாத வண்டிய எவன் ஓட்டுவான்" என்று தமிழில் முணுமுணுத்தார்.

அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு நீள சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எஞ்சின் அணைந்திருந்தது. வெளியே அவ்வளவு ஆட்டோவும் பஸ்ஸும் நின்றும் உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இரண்டு வண்டியிலும் சேர்ந்த ஆற்றாமையை எனக்கு அடக்க முடியவில்லை. இவருக்குத்தான் கேட்காதே, கேட்டாலும் பதில் வராதே என்ற தைரியத்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இந்த மனுசங்கிட்டப் பேசுததும் ஒண்ணுதான், செவுத்துகிட்டப் பேசுததும் ஒண்ணுதான். பேசாம புனேக்குப் போயிருதேன்."

"புனேக்கா? எப்பம்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என் வாயைப் பார்க்கவில்லை. நான் குரலை உயர்த்தவும் இல்லை, மெதுவாகச் சொன்னதுதான்.

"எத்தனை நாளைக்கு?" என்றார் மறுபடியும்.

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன. அவர் வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்தார். "நீ இப்படி மெல்லப் பேசி எவ்வளவு நாளாச்சு" என்றார். "எப்பப் பாத்தாலும் எம்மேல கோவமாவே இருக்கியேன்னு நெனச்சேன். அதான் பேச்சக் கொடுக்கதில்ல."

தமிழ் தெரியாத அந்தப் பெண் பின்னாலிருந்து, "ஆண்ட்டி, பிக்அப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று தலையாட்டினேன்.

மிச்ச தூரமும் ஷோரூம் போய்ச் சேரும் வரை நான் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சமையலறையில் குக்கரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடும். ஹாலில் டி.வி. காரில் டீசல் எஞ்சின். ஐ.என்.ஏ.வில் மீன் கடைக்காரர்களின் கூச்சல். நாங்கள் பேசுகிற இடமெல்லாம் ஏதோ ஒன்று இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் சொன்னது அவருக்குப் போகவில்லை. போகவில்லை என்று நான் குரலை உயர்த்த, உயர்த்திய குரல் மட்டும் அவருக்குப் போயிருக்கிறது. அவருக்கு ஒன்றரை வருடமாக வீட்டில் ஒரு கோபக்காரி, எனக்கு ஒரு சுவர். முப்பது வருடத்துக்கு மேல் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்ற காது, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்காது என்று ஒரு வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் முதலில் காதைப் பார்க்கச் சொல்லித்தானே பெற்றோரைக் கூப்பிடுவேன்? அதை வீட்டில் செய்யத் தோன்றவில்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் பாவம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

டர்போமேல் அவருக்கு இருந்த ஆசையும் அப்போதுதான் புரிந்தது. பெருமைக்கோ வேகத்துக்கோ இல்லை. ஒவ்வொரு சத்தமாக அவரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, இன்னும் நன்றாகக் கேட்கிற ஒன்று அது. கையை வைத்தால் உடம்புக்குள் வந்து சொல்லும். தன் தொழில் இன்னும் தன் கையில் இருக்கிறது என்று நம்ப ஒரு சாட்சி. அதைப் பிடுங்கிவிட்டு அவரை ஊமை வண்டியில் உட்கார வைப்பதா?

ஷோரூமில் டீ கொடுத்தார்கள். அந்தப் பெண் படிவத்தை விரித்துவைத்து, "எது அங்கிள்?" என்றாள்.

நான் அவர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, காதருகே, "உங்களுக்குப் புடிச்சதையே எடுங்க. டர்போவே இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு மாதம் சண்டை போட்ட வாய் இதுவா என்று எனக்கே இருந்தது.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டர்போவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் ஹைப்ரிட் என்றார். அவளுக்கு ஆச்சரியம். "டர்போதான் எடுப்பீங்கன்னு நெனச்சேன் அங்கிள். இதுல என்ன பிடிச்சுது? மைலேஜா?"

இவர் இந்தியில், ரொம்ப சாதாரணமாக, "இதுல மேடம் பேசுறது கேக்குது" என்றார்.

புருஷன் பெண்டாட்டியைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

திரும்பி வரும்போது மறுபடி பழைய டீசல். மறுபடி அந்தக் கடகட. நான் ஏதோ சொன்னேன், அவருக்குப் போகவில்லை. குரலை உயர்த்தப் போய், அடக்கிக்கொண்டேன். என்ன சொன்னால் என்ன, எப்படிச் சொன்னால் என்ன என்ற பழைய எரிச்சல் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஒரே நாளில் ஞானியாகிவிட மாட்டேன்.

முனிர்கா திருப்பத்துக்கு முந்தைய சிக்னலில் சிவப்பு விழுந்தது. எண்பது நொடி என்று எண்கள் ஓடின. அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. கண்ணாடியை ஏற்றினார். டிசம்பர் குளிரில் ஏ.சி.யும் இல்லை. என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, "இப்பம் சொல்லு" என்றார்.

ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எண்பது நொடியில் எதைச் சொல்வது? "காதை ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டுவோமா?" என்றேன், வகுப்பறைக் குரலில் இல்லை, வீட்டுக் குரலில்.

கோபிப்பார் என்று நினைத்தேன். சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபதுக்குக் கீழே வந்தபோது எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சாவிமேல் கை வைத்தார். ஆனால் திருப்பவில்லை.

"நீயும் உள்ள வரணும்" என்றார். "டாக்டர் சொல்லுதது எனக்குப் பாதிதான் கேக்கும்."