இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

நான் சாமியை வைத்து என் கணவரை ஏமாற்றினேன்.

இதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் எடுத்திருக்கிறது. அதுவும் அவரிடம் அல்ல... முகம் தெரியாத உங்களிடம்! நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். நான் ஏமாற்றியது காணிக்காகவோ நகைக்காகவோ அல்ல, ஒரு காருக்காக. அந்தக் காரை எத்தனை சில்லு இழுக்க வேண்டும் என்பதற்காக!

சிரித்து முடித்துவிட்டீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

என் கணவர் தயாபரன் சமையற்காரர். பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில், இரண்டு அடி வைத்தால் சுவர் முட்டுகிற மூலையில், இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறார். அவரை 'இவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஆசை என்று ஒன்றே ஒன்று... பின்பக்கம் நீண்ட, பாய்ந்து போகிற ஒரு கார்!

பின்பக்கம் நீள்வதற்குக் காரணம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் ஆட்டுக்கறிச் சட்டி பாரிஸ் புறநகர் ஓல்னேயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். சரி, எதற்குப் பாய வேண்டும் என்று கேட்டால், "நாள் முழுக்க ஒரு இடத்தில நிக்கிறன். ஒருக்கா ஓட வேண்டாமே?" என்பார்.

கடைசியில் தேர்வு இரண்டு கார்களில் வந்து நின்றது. இரண்டும் பாவித்தவை, இரண்டும் நீண்டவை, குதிரைவலுவும் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளைக் காரில் நான்கு சில்லும் இழுக்கும், கியர் தானாக மாறும். சிவப்புக் காரில் முன் சில்லு இரண்டும்தான் இழுக்கும், கியரைக் கையால் போட வேண்டும்.

இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை! மகளின் பழைய கொப்பியில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்று எழுதிக்கொண்டே இருந்தார். எது பாரம், எது பெற்றோல் குடிக்கும், எதில் சட்டி வைக்க இடம் கூட... எழுதுவார், வெட்டுவார், மறுபடி எழுதுவார். பிட்டுக்குப் பதிலாகக் கொப்பியை ஊட்டியிருந்தாலும் சாப்பிட்டிருப்பார்.

நத்தார் விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் சுவிஸ் மலையில் இருக்கும் இவருடைய அக்கா வீட்டுக்குப் போவோம். அதை நினைத்து ஒருநாள் நான் கேட்டேன்: "பனிக்குள்ள போறதெண்டால் நாலு சில்லும் இழுக்கிறதுதானே பாதுகாப்பு?"

"அப்பிடி இல்லையப்பா. நாலும் இழுத்தால் மேட்டில ஏறும், வளைவில பிடிச்சுக்கொண்டு போகும். நிப்பாட்டேக்கை என்ன செய்யும்? நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லுதான். பனி ரயர் போட்டால் சிவப்பிலயும் வடிவாப் போய் வரலாம்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தேன் என்று பின்னால் நான் நழுவப் பார்த்தால், இந்த வார்த்தையை எடுத்து என் முகத்தில் எறியுங்கள்!

ஒரு திங்கட்கிழமை, இவருடைய ஓய்வு நாளில், இரண்டையும் ஓட்டிப் பார்க்கப் போனோம். மழை பெய்து வீதி நனைந்திருந்தது. முதலில் வெள்ளை. அக்சிலேட்டரை அமத்தினார். ஒரு ஆட்டம் இல்லை, வழுக்கல் இல்லை, முதுகு மட்டும் இருக்கையோடு ஒட்டியது. மழை பெய்ததே அந்தக் காருக்குத் தெரியாது போலிருந்தது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "நல்ல கார்," என்றார்.

அடுத்தது சிவப்பு. மூன்றாம் கியரில் அமத்தியதும், கயிற்றில் கட்டிய கிடாய் இழுப்பதுபோல ஸ்டியரிங் இடமும் வலமும் இழுத்தது. முன் சில்லுகள் ஈரத்தில் ஒருகணம் வழுக்கிச் சுற்றின. "ஐயோ, மெல்ல!" என்று நான் கத்தினேன். இவரோ சிரித்தார்... வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்! "எட, கள்ளப் பயலே!" என்று காரைப் பார்த்துச் செல்லமாகத் திட்டினார். பக்கத்தில் நான் ஒருத்தி இருப்பது அந்தக் கால் மணி நேரம் இவருக்கு நினைவே இல்லை.

கல்யாணம் கட்டிப் பதின்மூன்று வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

அன்று முழுவதும் என் காதில் நின்றது அந்தச் சிரிப்பு அல்ல. அந்த 'நல்ல கார்'! அதே குரலில்தான் இவர் 'நல்ல சொதி' என்பார். அதே குரலில்தான் ஊர்ச் சனத்திடம் என்னைக் காட்டி, 'இவ நல்ல மனுசி' என்பார். உங்களுக்குப் புரிகிறதா? அந்த வெள்ளைக் கார் நான்தான்! வழுக்காத, ஆடாத, எந்த மழையிலும் வீடு கொண்டுவந்து சேர்க்கிற... ஒருநாளும் சிரிப்பு மூட்டாத நான்.

பொறாமையா? ஒரு இரும்புப் பெட்டியின்மீதா? அல்லது பயமா... இப்படியும் சிரிக்கத் தெரிந்த மனிதரை இவ்வளவு காலம் நான் எங்கே வைத்திருந்தேன் என்ற பயமா? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இவரால் முடிவெடுக்க முடியவில்லை. மனம் சிவப்பில் கிடந்தது. ஆனால் மனம் கேட்பதை எடுத்து இவருக்குப் பழக்கமே இல்லை. ஒருநாள் கொப்பியை மூடி வைத்தார்.

"இஞ்சேரும், இனி என்னாலை ஏலாது. பிள்ளையாரைக் கேப்பம். நீர் பூவைக் கட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு நிறப் பூவை ஒரேமாதிரித் தாளில் மடித்துச் சாமியின் காலடியில் வைத்து, பிள்ளை ஒன்றை எடுத்தால் அதுவே சாமி வாக்கு. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், வீடு வாங்கப் பார்ப்பார்கள். எத்தனை சில்லு இழுக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்!

நான் லூயி-பிளாங் வீதியில் விமான டிக்கெட் போடும் கடையொன்றில் வேலை செய்கிறேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், லா சப்பல் பூக்கடையில் சிறிய ரோசாக்கள் வாங்கி வந்தேன். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒரு கொத்து. கடையின் அச்சுத்தாளை இரண்டாகக் கிழித்தேன். ஒன்றில் வெள்ளையை வைத்து மடித்தேன். சிவப்பைக் கையில் எடுத்தேன்... வைத்தேன்... மறுபடி எடுத்தேன். பிறகு அதைக் கோப்பிக் கோப்பைகள் கிடந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, இரண்டாவது தாளிலும் வெள்ளையையே மடித்தேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

மாலை கோயிலில் ஐயர் தட்டை நீட்டினார். எங்கள் மகள் அபிராவுக்கு அப்போது பதினொரு வயது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். இவர் பிரித்தார். வெள்ளை. ஒருகணம், ஒரே ஒரு கணம், இவருடைய முகத்தில் ஒரு விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். மறுகணம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அவர் சொல்லிப்போட்டார்!" என்றார்.

மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. சாமி சொன்ன பிறகு என்ன சோதனை! இவர் விழுந்து கும்பிட்ட நேரத்தில் அதை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே நல்ல குளிர். அபிரா எப்போதும்போல என் பைக்குள் கையை நுழைத்துக்கொண்டு ரயில் வரைக்கும் நடந்துவந்தாள்.

வெள்ளைக் கார் வந்தது. பூசையில் ஐயர் நான்கு சில்லுக்கும் நான்கு தேசிக்காய் வைத்தார். "நாலும் இழுக்கிற கார் ஐயா, நாலும் சமனா நசியும்!" என்று இவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

குறை சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இந்த மனுசன் ஒரு குறை சொல்லவில்லை! ஞாயிறு தோறும் அந்தக் காரைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார். நெடுஞ்சாலையில் எப்போதாவது அந்தச் சிவப்புக் கார் மாதிரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும். இவருடைய தலை அதனோடு திரும்பும். "பாரும், மற்றது போகுது," என்பார் மெதுவாக. பிறகு தனக்குத்தானே, "எங்களுக்கு இதுதான் நல்லதெண்டு அவருக்குத் தெரியும்," என்பார். அந்த நேரங்களில் நான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாங்கி இரண்டாவது குளிர்காலம், அக்கா வீட்டுக்கு ஏறும் வழியில் பனி கொட்டியது. மேட்டில் நாலைந்து கார்கள் ஏற முடியாமல் ஓரத்தில் நின்றன. எங்கள் கார் ஒரு முனகல் இல்லாமல் ஏறிப் போனது. இவர் என் கையைப் பிடித்தார். "பாத்தீரோ? பிள்ளையாருக்கு அண்டைக்கே தெரிஞ்சிருக்கு!"

பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது! அதன் பிறகு போகிற வீடெல்லாம் இதே கதை. கறியைப் பரிமாறிக்கொண்டே சொல்வார். முடிக்கும்போது மறக்காமல், "பூவைக் கட்டினது இவ. இவவின்ர கை ராசியான கை," என்பார். அதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பூக்கட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். விரலில் காயம் என்று சொல்லித் தப்பினேன்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எடுத்த கார் பிழை என்றால் இவர் தாங்குவார். இவ்வளவு பெரிய உலகத்தில் பிள்ளையார் தன் ஒருவனுக்காக நின்று யோசித்து ஒரு காரைத் தெரிந்து தந்தார் என்று இந்த மனிதர் நம்புகிறார். அந்தச் சந்தோசத்தை நான் எந்தக் கையால் பிடுங்குவது? ... இதுவும் ஒரு சாட்டுத்தான். சொன்னால் 'நல்ல மனுசி' என்ற பெயர் போய்விடும். அந்தப் பெயரைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

இப்போது அபிராவுக்குப் பதினெட்டு. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று சென் தெனியில், வீட்டிலிருந்தே போய் வரலாம். மற்றது லியோனில். அவளுக்கு லியோன்தான் வேண்டும். இவருக்கு அவளைத் தடுக்கவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை. என்ன செய்தார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"பூவைக் கட்டும். வெள்ளை சென் தெனி, சிவப்பு லியோன். அண்டைக்கு மாதிரி உம்மட கையால கட்டும்."

அபிரா பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தோளைக் குலுக்கிச் சம்மதித்தாள்.

சென்ற ஞாயிறு காலை. இவர் கீழே காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். குசினி மேசையில் இரண்டு தாள், ஒரு தட்டில் ரோசாக்கள். பிள்ளை போய்விட்டால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அவளுடைய சப்பாத்து இல்லாத வாசல், அவள் திறந்துவிட்டு மூடாத அலுமாரிகள்... சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் தீர்மானிக்கவில்லை. குனிந்து பார்த்தபோது என் கையில் இரண்டு பூ இருந்தது. இரண்டும் வெள்ளை!

"அம்மா."

அபிரா வாசலில் நின்றாள். நான் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"இந்த முறை நான் ரெண்டையும் பிரிச்சுப் பாப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. கிட்ட வந்து, சின்ன வயதில் செய்ததுபோல என் கையோடு தன் கையைக் கோத்து ஒருமுறை அழுத்திவிட்டு, கீழே இறங்கிப் போய்விட்டாள்.

கோட்டுப் பை! அன்று ரயில் வரைக்கும் அந்தச் சின்னக் கை எதைத் தொட்டுக்கொண்டு வந்தது... தாளுக்குள் விரலை விட்டு என்ன நிறத்தைப் பார்த்தது? நான் தனியே சுமக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! பதினொரு வயதிலிருந்து என் பிள்ளையும் சுமந்திருக்கிறாள். அப்பா கறி பரிமாறிக்கொண்டு அந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் அவளும் இருந்தாளே!

ஒரு வெள்ளையைத் தட்டில் திரும்ப வைத்தேன். சிவப்பை எடுத்து மடித்தேன்.

கோயிலில் அவள் கண்ணை மூடாமலே எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. லியோன்! பிறகு மற்றதையும் எடுத்துப் பிரித்தாள். உள்ளே வெள்ளை இருந்தது.

இவர் வியப்போடு கேட்டார்: "ஏன் பிள்ளை மற்றதைப் பிரிக்கிறாய்? காருக்குப் பாக்கேக்கை நாங்கள் பிரிக்கேல்லையே?"

அபிரா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சும்மா, அப்பா," என்றாள்.

நான் பெற்ற பிள்ளைக்கு நகை நட்டுக் கொடுக்க முடியுமோ என்னவோ... இதைக் கொடுத்துவிட்டேன். எனக்காகப் பொய் சொல்ல என் பிள்ளை பழகிவிட்டாள்.

திரும்பி வரும்போது இவருடைய கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முகம் நிறைந்திருந்தது. லியோனுக்குப் பிள்ளையின் சாமான் முழுவதையும் ஒரே நடையில் ஏற்றிப் போகலாம், பின்பக்கம் நீண்ட கார் எடுத்தது எவ்வளவு நல்லது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். கார் வழக்கம்போல ஒரு ஆட்டமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் அபிரா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையின்மேல் வைத்தார்.

"பிள்ளையார் எங்களை ஒருநாளும் ஏமாத்தேல்லை, என்னப்பா?"

"ஓம்," என்றேன்.