சாவனதுர்காவில் அப்பா தட்டிய கல்

ஒரு கையெழுத்துக்காகப் பெற்ற தகப்பனை மலைமேல் ஏற்றிய பெண் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. தொழிற்சாலையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை. எங்கள் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். கன்னடக்காரர், சுத்த சைவம், பேசினால் பாதி தமிழ் பாதி கன்னடம். பெங்களூரைச் சுற்றியுள்ள நந்தி, சிவகங்கை என்று அவரோடு நாலைந்து மலை ஏறியிருந்தேன். டார்ஜிலிங்கில் பெண்களுக்கு ஒரு மாதம் பனிமலை ஏறும் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்தான் என் பெயரை எழுதிப் போட்டார். இடம் கிடைத்துவிட்டது. தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் மட்டும் பாக்கி. மாத முடிவுக்குள் அது போய்ச் சேராவிட்டால் என் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

காகிதத்தை நீட்டினேன். அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். நெஞ்சில் கல்தூசு சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, எங்களோடு விவேக் நகர் பக்கம் வந்து குடியேறியிருந்தார்.

“மலைன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது. நான் கீழ போனவன். நீ ஏறுறத ஒரு வாட்டி பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

“நீங்க ஏறுவீங்களா? மூச்சு?”

“என் மூச்சு, நான் பாத்துக்குறேன்.”

அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். “ஞாயித்துக்கிழம மாதா கோயில் பூசைக்குப் போவாம மலைக்குப் போறாளாம் மகாராணி! தொணைக்கு இவரு வேற. நல்லா இருக்குது அப்பனும் பொண்ணும்!” அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கமும் இல்லை.

மறு சனிக்கிழமை சாவனதுர்கா. ராத்திரி அங்கேயே தங்கி ஞாயிறு இறங்குவது என்று ஏற்பாடு. நாங்கள் மொத்தம் ஐந்து பேர்: நான், அப்பா, சூப்பர்வைசர், என் பிரிவில் வேலை செய்த இரண்டு பெண்கள். நான் அப்பாவின் பழைய காக்கி நிஜாரை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன். தெரு தாண்டும்வரை அதன்மேல் புடவை சுற்றியிருந்தேன், இல்லையென்றால் அம்மா வாசலிலேயே உயிரை விட்டிருப்பாள். திட்டிக்கொண்டேதான் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். ஒரு மூட்டை புளிச்சோறு, டப்பா நிறையக் கருவாட்டுத் தொக்கு, பித்தளைக் கூஜா, அதோடு தலையணையும் ஜமக்காளமும் திணித்த ஒரு ஹோல்டால். ரயிலில் மெட்ராஸ் போகிறவர்கள்கூட அவ்வளவு சாமான் கொண்டுபோக மாட்டார்கள். அந்த ஹோல்டாலைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறியவள் நான்தான், வேறு யார்!

மாகடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டித் தடத்தில் காட்டுக்குள் நடந்தோம். கரடி நடமாட்டம் உண்டு என்று வழியில் ஒரு விறகுக்காரி சொன்னாள். சூப்பர்வைசர் உடனே விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத ஆரம்பித்தார். கரடி வந்ததோ இல்லையோ, எங்கள் காது போய்விட்டது.

காடு முடிந்ததும் பாறை. சாவனதுர்கா முழுக்க ஒரே கல். மொட்டையாக, சரிவாக, வானம்வரை போகிறது. அதைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறிப்போனது. பயந்துவிட்டார், என் கையெழுத்து அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் கிட்டே போய்க் கைத்தடியால் பாறையைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

“நல்ல கல்லு” என்றார், பெண் பார்க்க வந்தவர் போல.

பிறகு ஏறினார் பாருங்கள்! பத்தடி ஏறுவார், நிற்பார், மூச்சு விடுவார், தட்டுவார், அப்புறம் அடுத்த பத்தடி. ஒரு தடவைகூடக் கால் தடுக்கவில்லை. என் தோழிகள் இரண்டு பேரும் வழுக்கும் இடங்களில் மாதாவையும் மாரியம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். அப்பா அவர்களுக்குக் கால் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு குஷியாக வந்தார்.

இடிந்த கோட்டைச் சுவர் தாண்டி, ஒரு சுனைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தோம். சூப்பர்வைசர் காட்டிய இடத்தை அப்பா தட்டிப் பார்த்துவிட்டு, “வேணாம் சார், கீழ பொள்ளலா இருக்குது. சத்தம் கேளுங்க” என்றார். தட்டினால் நிஜமாகவே பானையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் கல்லை அப்படித் தட்டிப் பார்த்த பிறகுதான் வேலையில் கை வைப்பார்களாம். வேறு இடத்துக்கு மாறினோம். சூப்பர்வைசருக்கு அப்பாமேல் மரியாதை வந்துவிட்டது. தொக்கு டப்பாவைத் திறக்கும்வரை அந்த மரியாதை இருந்தது. திறந்ததும் மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, உப்பிட்டு என்று தான் கட்டி வந்த உப்புமாவைத் தின்றார்.

கையெழுத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், எனக்கு என்னைத் தெரியும். படுத்துத் தூங்கிவிட்டோம்.

காலையில் கண் விழித்தால் எதுவுமே இல்லை. மலை இல்லை, வானம் இல்லை, என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். ஜமக்காளத்தில் அப்பா இல்லை.

“அப்பா!” என்று கத்தினேன். பதில் இல்லை. சுனைக்கு முகம் கழுவப் போயிருக்க வேண்டும். சுனைக்கு அந்தப் பக்கம் பாறை சரிந்து அப்படியே காட்டில் இறங்குகிறது. காகிதமாவது, டார்ஜிலிங்காவது! அப்பா முழுசாகக் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அப்போது கேட்டது. டக், டக், டக், டக், டக். கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி ஐந்து தட்டு.

எனக்குப் புரிந்துவிட்டது. சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோனால் நடக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, ஆள் வரும்வரை கல்லைத் தட்ட வேண்டும். வருகிறவனும் தட்டிக்கொண்டே வருவான். தங்கவயல்காரர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அப்பாவுக்குப் பனிமூட்டமும் இருட்டும் ஒன்றுதான் போல. உட்கார்ந்துவிட்டார். இனி ஒருத்தர் போய்க் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

“பேடம்மா, ஸ்வல்ப இரு. மஞ்சு போகட்டும்” என்று பனி விலகும்வரை இருக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.

“இருக்க முடியாது சார்.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மறு முனையை அவரும் தோழிகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் எனாமல் டம்ளரால் பாறையைத் தட்டிக்கொண்டு தவழ்ந்தேன். கல்லில் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் கேட்டது. திரும்பினேன், தவழ்ந்தேன், முழங்கால் தேய்ந்தது. அப்பா தட்டுவதும் நான் தட்டுவதும் ஒன்றோடொன்று குழம்பியது. நான் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பிறகு நேராகப் போனேன். என் கை ஒரு பூட்ஸைத் தொட்டது.

பாறையில் முதுகைச் சாய்த்து, நனைந்துபோய், கையில் கல்லோடு உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியா? ரொம்ப நேரம் எடுத்துகினியே” என்றார்.

அதே நேரம் காற்றடித்துப் பனி விலகியது. திரும்பிப் பார்த்தேன். இருபது அடி! இருபதே அடி தள்ளி சூப்பர்வைசரும் தோழிகளும், தேர் இழுக்கிறவர்கள் மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் கூஜா. கூஜாவுக்குப் பக்கத்தில் ஹோல்டால்.

எனக்கு வந்ததே கோபம்! “கூப்பிட்டேனே, காதுல விழலையா? ஒரு கொரல் குடுத்தா இன்னா?”

“விழுந்துச்சு. கத்துனா மூச்சு வீணாப் போவும். தட்டுனாப் போதும். அதான் சட்டம்.”

“அது சொரங்கத்து சட்டம்! இது மலை! நாலு எட்டு வெச்சா ஹோல்டால்மேல விழுந்திருப்பீங்க!”

“அது எனக்கு எப்டித் தெரியும்?” என்று அவர் கேட்டதும் தோழிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தொக்கு டப்பாவத் தொறந்து வெச்சிருந்தா வாசன புடிச்சிகினே வந்திருப்பாரு” என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசரும் சிரித்தார். கடைசியில் அப்பாவும் இருமிக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பயந்து நடுங்கியவள் நான்தானே.

நாஷ்டாவுக்கு நெருப்பு மூட்ட அவர்கள் போனதும், அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு பயமே இல்லம்மா. நான் இருக்குறது எனக்குத் தெரியுமே. நீ வந்தப்போ ஒம் மூஞ்சியப் பாத்தேன். பயம் உனக்குத்தான்.” கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். “முப்பது வருஷம் நான் கீழ இருந்தேன். மேல இருக்குறவங்க மூஞ்சி எப்டி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“சரி, கையெழுத்து?” என்றேன். மனம் உருகுகிற நிலையில் நான் இல்லை.

“நல்லாத்தான் ஏறுற. எனக்கு சம்மதம். ஆனா உங்கம்மாவக் கேளு. அவ சரின்னா போடுறேன்.”

அம்மாவையா! ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டு, நிஜார் போட்டுக்கொண்டு மலையேறியவளை, பனிமலைக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்பதா? அழகாக நழுவிவிட்டார் என்று பொருமினேன். உச்சி நந்தி மண்டபம்வரை ஏறினோம், இறங்கினோம், பஸ் பிடித்தோம். வழி முழுக்க நான் அப்பாவிடம் பேசவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

வீடு வந்தபோது சாயந்திரம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அப்பா குழாயடிக்குக் கால் கழுவப் போனார். நான் அம்மா பின்னாலேயே அடுப்படிக்குப் போய், விட்டால் தைரியம் போய்விடும் என்று, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். டார்ஜிலிங், ஒரு மாதம், பனி, கயிறு, காகிதம். “அப்பா உன்னக் கேக்கச் சொல்லிட்டாரு” என்று முடித்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னியா? என்னியக் கேக்கச் சொன்னாரா?”

“ஆமா.”

திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“தங்கவயல்ல பூமி குலுங்கும்டீ” என்றாள். “கீழ பாற வெடிச்சா மேல வூடு ஆடும். தட்டுமுட்டெல்லாம் கடகடன்னு உருளும். உன்ன இடுப்புல வெச்சிகினு சொரங்க வாசலுக்கு ஓடுவேன். எத்தினி வாட்டி ஓடிருக்கேன் தெரியுமா? சங்கு ஊதி எல்லாரும் வெளிய வர்ற வரிக்கும் எனக்கு உசுரு இருக்காது. இவரு வருவாரு. வந்து இன்னா சொல்லுவாரு? ‘சுடுதண்ணி இருக்குதா?’ம்பாரு. முப்பது வருஷம்டீ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எம் முன்னால நின்னு ‘வந்துட்டேன்’னு சொன்னாரா?”

அம்மா முப்பது வருஷமாக இதை மனசுக்குள் வைத்திருக்கிறாள், அதே வீட்டில் நானும் இருந்திருக்கிறேன்.

“போய்ட்டு வா” என்றாள். “பனியோ மலையோ, எங்க வேணா போ. உங்கப்பனக் கையெழுத்துப் போடச் சொல்லு. ஆனா திரும்பி வந்தா மூட்டைய எறக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து நிக்கணும். வந்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்லணும். சொல்லுவியா?”

“சொல்றேம்மா.”

பின்கதவில் நிழல் ஆடியது. அப்பா நின்றுகொண்டிருந்தார். நனைந்த கால், கையில் பூட்ஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து, ஷிப்டு மேஸ்திரி முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

“வந்துட்டேன்” என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் சிரித்தது.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள்.