யார் தள்ளிவிட்ட வேலை இது

ஷெமி என்ற பெண்ணை ஜானவி நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் அவள் எப்படிப்பட்டவள் என்பதில் ஜானவிக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. வேலைக்கள்ளி. தன் தலையில் இருப்பதை நைசாக அடுத்தவள் தலையில் இறக்கிவிட்டு, மத்தியானம் ஆனதும் காணாமல் போகிறவள்.

ஜானவிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. திருவனந்தபுரம் கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் தெருவில் வீடு. கணவர் சுந்தரராமன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தார். ஜானவி முன்பு ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் இருந்தாள். அது மூடியபின் வீட்டிலிருந்தபடியே செய்கிற இந்த வேலை கிடைத்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், வயதான பெற்றோர் இங்கே தனியாக என்று இருக்கும் வீடுகளுக்குப் பகலில் துணையாள் அனுப்புகிற கம்பெனி அது. எந்த வீட்டுக்கு யார் போக வேண்டும், போனார்களா, மருந்து கொடுத்தார்களா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அலுவலகம் என்று ஒன்று கழக்கூட்டம் பக்கம் இருந்தது. இண்டர்வியூவுக்குப் போனதோடு சரி. மற்றதெல்லாம் லேப்டாப்தான்.

லேப்டாப்பைத் திறந்தால் செய்திகள் வரிசையாக நிற்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புவதும் துணையாட்கள் அனுப்புவதும் ஒரே வரிசைதான். அவசரம் என்றால் பிள்ளைகள் சிவப்புக் குறி வைக்கலாம். வைத்தால் அந்தச் செய்தி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். துணையாட்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆரம்பத்தில் ஏதோ ஒருவர் இருவர் சிவப்பு வைத்தார்கள். பிறகு வைக்காதவர்களே இல்லை என்று ஆனது. துபாயில் இருக்கும் ஆனந்தகிருஷ்ணன் என்பவர் அப்பா இட்லி சாப்பிடுகிற போட்டோ வேண்டும் என்பதற்கே சிவப்பு வைப்பார். காலையில் திரையைத் திறந்தால் மிளகாய் காயப்போட்டது போல இருக்கும். ஜானவி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். ஒன்றை முடிப்பதற்குள் மேலே புதிதாக இரண்டு விழுந்திருக்கும்.

திரையின் ஓரத்தில் அவளுடைய டீமில் இருப்பவர்களின் பெயர்கள். ஷெமி, ஸ்மிதா, ஜானவி. வேலையில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். மூவருக்கும் மேலே சஜி. அவன்தான் டீம் லீடர்.

சஜி ஜானவியை விட வயதில் சின்னவன். தேன் ஒழுகப் பேசுவான்.

"சேச்சி, ஒரு சின்ன ஹெல்ப். ஷெமிக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, பாவம். ரெண்டே ரெண்டு வீடு. இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்."

அந்த ஒரு வாரம் முடிந்ததே இல்லை. அந்த இரண்டு வீடுகள் திரும்பிப் போகவும் இல்லை. அடுத்த மாதம் இன்னும் மூன்று வந்தன. எல்லாம் ஷெமி பக்கத்திலிருந்துதான் என்று சஜி சொன்னான். ஜானவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஷெமியின் பச்சைப் புள்ளியைப் பார்க்க ஆரம்பித்தாள். மத்தியானத்துக்கு மேல் அது அணைந்துவிடும். ஸ்மிதாவின் புள்ளியோ காலை முதல் இருட்டும் வரை எரிந்தது. அவள் மீது ஜானவிக்கு மரியாதையே வந்துவிட்டது.

"நீயே நேரா கேட்டுடேன்," என்றார் சுந்தரராமன், மோர் விட்டுக்கொண்டே.

"கேட்டா ஒத்துப்பாளாக்கும்? உச்சை ஆனா அணைச்சுட்டுப் போயிடறா. ஜோலியெல்லாம் என் தலைல."

"ஒனக்கு எல்லார் மேலயும் சம்சயம்."

"சம்சயம் இல்லை. நன்னாத் தெரியும்."

அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. நேற்றுக் கொஞ்ச நேரம் உங்கள் மெஷின் சும்மா இருந்ததே என்று சஜி ஒருநாள் போகிறபோக்கில் கேட்டதிலிருந்து, ஜானவிக்கு லேப்டாப் மீதும் சந்தேகம் வந்திருந்தது. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தாள். குழம்பு கொதிக்கும்போது ஓடிவந்து மவுஸை ஒரு அசைப்பு அசைத்துவிட்டுப் போவாள். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடப் பயமாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சாயங்காலம் மறுநாள் ஹர்த்தால் என்று திடீரென்று அறிவித்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து செய்தி பார்த்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிவப்பு வைத்தார்கள். நாளை ஆள் வருமா, வராதா, வராவிட்டால் என்ன ஏற்பாடு? ஜானவி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி, பக்கத்தில் இருக்கும் துணையாட்களைப் பிடித்து மாற்றிப் போட்டாள். நடுவில் சஜி மூவருக்கும் மீட்டிங் வைத்தான். பதில் அனுப்பத் தாமதமாகிறது என்பதுதான் விஷயம். ஸ்மிதா மட்டும் பேசவில்லை, வீடியோவும் போடவில்லை. அவளுக்கு மைக் கோளாறு என்றான் சஜி. மீட்டிங் நடக்கும்போது ஜானவியின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலையும் சிவப்புகள்தான். மத்தியானம் நெருங்கும்போது வரிசையின் அடியில் குறி எதுவும் இல்லாமல், முந்தின நாள் சாயங்காலமே வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடந்ததைப் பார்த்தாள். உச்சிமாகாளியின் குரல். நெடுமங்காட்டில் குடியிருக்கிற, திருநெல்வேலிப் பக்கத்துத் துணையாள்.

"அக்கா, நாளைக்கு பஸ்ஸு ஓடாதாம்லா. போன் போட்டேன், நீங்க எடுக்கல. என்னால வித்துராவுக்குப் போக முடியாது. சரஸ்வதியம்மைக்குக் காலையில ஊசி போடணும். வேற ஆளு யாரையாவது போடுங்கக்கா, மறந்துராதிய."

வித்துராவில் தனியாக இருக்கும் சரஸ்வதியம்மாளுக்கு எண்பது வயது. சர்க்கரை நோய், கண்ணும் சரியாகத் தெரியாது. மகள் கனடாவில். ஊர்ச் செய்தியைப் பார்க்கவில்லையோ என்னவோ, அவளிடமிருந்து சிவப்பு எதுவும் வரவில்லை. அந்த வீடும் போன வாரம் ஷெமி பக்கத்திலிருந்து வந்ததுதான்.

சரஸ்வதியம்மாளுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

ஷெமிக்கு வித்துராதான் ஊர் என்று சஜி எப்போதோ சொல்லியிருந்தான். அங்கே வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது. கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்கினாள். இவளா எழுந்து போகப்போகிறாள்? வேறு வழி இல்லை. கூப்பிட்டாள். ஷெமி உடனே எடுத்தாள்.

"ஜானவி அக்காவா? சொல்லுங்க." தமிழ்! மீட்டிங்கில் மலையாளம் மட்டுமே பேசுகிறவள். ஜானவி அதை எதிர்பார்க்கவில்லை.

"சரஸ்வதியம்மாள்னு உங்க ஊர்ல ஒரு மாமி... காலம்பற ஆள் போகலை. போனும் எடுக்க மாட்டேங்கறா. நீ போய்ப் பாக்க முடியுமோ?"

"சந்தைக்குப் பின்னாடி இருக்கற வீடுதானே? இப்பவே போறேன்க்கா. ஸ்கூட்டர் இருக்கு, ஊடுவழியா போயிருவேன்."

வீடு தெரியாமல் இருக்குமா, தள்ளிவிட்டவளே இவள்தானே என்று அந்த நேரத்திலும் ஜானவியின் மனம் சொல்லிற்று.

அதன் பிறகு அவள் லேப்டாப்பைத் தொடவில்லை. திரையில் சிவப்புகள் ஏறிக்கொண்டே இருந்தன. இட்லி போட்டோ இன்னும் வரவில்லை என்று ஆனந்தகிருஷ்ணன் மறுபடியும் கேட்டிருந்தார். அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷெமி கூப்பிட்டபோது பின்னால் கார் சத்தம் கேட்டது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததாம். பக்கத்து வீட்டு யூசுப் மதில் ஏறிக் குதித்துப் பின்கதவைத் திறந்திருக்கிறார். அம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். நினைவு இருந்தது. ஆனால் எழுந்திருக்கச் சக்தி இல்லை. ஊசி போடாமல் சாப்பிடக்கூடாது என்று காலையிலிருந்து பச்சைத்தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடாமல் உச்சிமாகாளிக்காகக் காத்திருந்திருக்கிறார். யூசுப்பின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார்கள், அம்மாள் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் படுத்தார். ஷெமி அங்கேயே இருந்தாள். ஜானவி நன்றி சொல்லக் கூப்பிட்டாள். சொல்லி முடிக்கவில்லை, ஷெமி குறுக்கிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. உங்க வேலையில பாதிய மாசக்கணக்கா நான்தானே பாக்கறேன்? மீதியையாவது சரியா பாக்கக் கூடாதா?"

"என் ஜோலியா? ஒன்னோட ஜோலியைன்னா நான் பாத்துண்டிருக்கேன்! இந்த வித்துரா வீடே ஒன்கிட்டேருந்து வந்ததுதானே?"

"என்கிட்ட இருந்தா? அந்த வீடு என் கையில இருந்ததே இல்லக்கா. எங்க ஊரு வீடாச்சே, எனக்குத் தாங்கன்னு சஜி சாரைக் கேட்டேன். அது ஜானவி சேச்சிகிட்ட இருக்கு, அவங்களே திணறிட்டு இருக்காங்க, நீ வேற ரெண்டு வீட்டை எடுத்துக்கோன்னாரு."

"பின்னே நீ உச்சைக்கு மேல எங்கே போயிடறே?"

"என் டியூட்டி விடிகாலையில தொடங்குதே. ரெண்டு மணிக்கு முடிஞ்சுரும். அவர் சொல்லலியா?"

சொல்லவில்லை. ஜானவி போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அவளிடமிருந்தும் போகவில்லை, இவளிடமிருந்தும் போகவில்லை. அப்படியானால் இத்தனை வீடுகள் எங்கிருந்து வந்தன? இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தார்கள்.

"ஸ்மிதாவை நீ பாத்திருக்கயோ?"

"டிரெயினிங்ல ஒண்ணா இருந்தோம்க்கா. சின்னப் பொண்ணு, கல்யாணம்கூட ஆகல. அப்புறம் பேசினதில்ல."

ஸ்மிதாவின் பச்சைப் புள்ளி அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ஜானவி அவளுக்கு ஒரு வரி தட்டினாள். உன் மகளுக்குப் பரீட்சை முடிந்ததா, ஸ்மிதா?

சற்று நேரத்தில் பதில் வந்தது. முடிந்தது சேச்சி, நன்றாக எழுதியிருக்கிறாள், தாங்க்ஸ்.

ஜானவி அதை ஷெமிக்குப் படித்துக் காட்டினாள். "கல்யாணமே ஆகாதவளுக்கு ஏதுக்கா மகள்?" என்றாள் ஷெமி. பிறகு மெதுவாக, "சஜி சார்தான்," என்றாள்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து சஜியை வீடியோவில் பிடித்தார்கள். அவன் முதலில் சிரித்தான். மகள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஸ்மிதா சித்திரை விஷுவுக்கு முன்னாடியே வேலைய விட்டுப் போயிட்டா, சேச்சி," என்றான். "மேல தெரிஞ்சா அந்த சீட்டையே எடுத்துருவாங்க. ஆள் கிடைக்கிற வரைக்கும் அவ பேர்ல நானே பாத்துடலாம்னு நெனச்சேன். முடியல."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். எங்க ரெண்டு பேரையும் ஏன் முட்ட விட்டே?"

"நேரா கேட்டா மாட்டேன்னு சொல்லிருவீங்க. இன்னொருத்திக்குக் கஷ்டம்னு சொன்னா..." என்று இழுத்தான்.

"ஒரு வயசானவங்க நேத்து தரையில கிடந்தாங்க, சார்," என்றாள் ஷெமி.

ஜானவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னைக்கே மேல சொல்லிடு. இல்லைன்னா நான் எழுதறேன்," என்றாள். "இனிமே காலம்பற மொதல் ஜோலி துணையாட்களோட வாய்ஸ் கேக்கறது. யார் வரலை, யாருக்கு உடம்புக்கு முடியலை. அது தீராம நான் சிவப்பைத் தொட மாட்டேன். போட்டோவும் மத்ததும் உச்சைக்கு மேல. புது வீடு தரணும்னா எங்க ரெண்டு பேர் முன்னாலயும் வெச்சுக் கேளு. தனியாக் கூப்பிட்டு ஒரு வாரம்னு சொல்லாதே."

சஜி தலையாட்டினான். அன்று சாயங்காலமே ஸ்மிதாவின் பெயர் திரையிலிருந்து போயிற்று. மாதம் முடிவதற்குள் செல்வின் என்று ஒருவன் அந்த இடத்துக்கு வந்தான். ஜானவியின் வீடுகள் பழைய அளவுக்குக் குறைந்தன. ஆனந்தகிருஷ்ணன் நாலைந்து நாள் கோபித்துக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் வருகிற போட்டோவிலும் அப்பா அதே இட்லியைத்தான் சாப்பிடுகிறார் என்பது பழகியதும் அடங்கிவிட்டார். சரஸ்வதியம்மாளின் வீடு ஷெமியிடம் போயிற்று. ஜானவி கனடாவுக்குத் தானே கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் மகளிடம் சொன்னாள். அந்தப் பெண் அழுதாள், திட்டினாள், கடைசியில் ஆளை மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் ஒரு விஷயம் ஜானவிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே தெரிந்தால் சீட்டை எடுத்துவிடுவார்கள் என்றானே சஜி. எடுக்கவில்லையே. கேட்டதும் ஆள் தந்துவிட்டார்களே. அப்படியானால் எதற்காக அத்தனை மாதம் ஒரு பெண்ணின் பெயரில் உட்கார்ந்திருந்தான்? கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் நம்பவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"போறது விடு. எல்லாம் நேராயாச்சே," என்றார் சுந்தரராமன்.

"நேராயிடுத்துன்னு யார் சொன்னா?" என்றாள் அவள்.

ஓணத்துக்குத் துணி எடுக்க ஷெமி திருவனந்தபுரம் வந்தாள். இருவரும் பழவங்காடி கோயிலில் கும்பிட்டுவிட்டு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். ஷெமி ஜானவி நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். அம்மா போணக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், அதனால்தான் வீட்டில் தமிழ் என்றாள். தோசை வந்தது. சரஸ்வதியம்மாளைப் பற்றிப் பேசினார்கள், உச்சிமாகாளியைப் பற்றிப் பேசினார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தபோது ஜானவியால் அடக்க முடியவில்லை.

"ஷெமி, இப்போ ஒன் பேர்ல எத்தனை வீடு இருக்கு?"

ஷெமி சிரித்தாள். போனை எடுத்துத் திரையைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள். ஜானவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே நன்றாகப் பார்த்தாள்.

"பாத்தாச்சாக்கா?" என்றாள் ஷெமி. "சரி, இப்ப உங்க போனைக் காட்டுங்க."