கடைசி சைக்கிள்

லிஃப்ட்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷர்" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். ஏழு வருடமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கமான மனிதர்களைப் பற்றி நாம் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. அது நமக்கு வசதி.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன் வரும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், இங்கேயேதான் இருக்கேன்" என்று உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். என் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டில் நான் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோதுதான் அவர் பழக்கமானார். வெளியே இழுத்துவிட்டதும், "சைக்கிள் ஓட்டத் தெரியுமா சார்?" என்று கேட்டார். உயிர் பிழைத்த நன்றியில் தலையாட்டிவிட்டேன். அப்படித்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் முந்தின நாளே அவர் தனியாக அந்தப் பாதை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுவார். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் சாக்கட்டியால் அம்புக்குறி போடுவார். எங்கே நிழல், எங்கே குழாய்த் தண்ணீர், எந்தக் கடையில் பெண்கள் கழிவறையைக் கேட்டுப் போகலாம், எந்த வீட்டு நாய் துரத்தும், எல்லாம் அவர் விரல் நுனியில். ஓட்டத்தன்று நான் முன்னால் போவேன். அவர் பஞ்சர் சாமான் பையோடு கடைசியில் வருவார். கடைசி ஆள் யாரையும் தாண்டக் கூடாது, அவர் வந்து தலை எண்ணி முடிக்கும்வரை நிறுத்தத்திலிருந்து யாரும் கிளம்பக் கூடாது. குழுவுக்கு இருந்த ஒரே சட்டம் இதுதான். அதைப் போட்டவரும் அவர்தான். நாற்பது கிலோமீட்டரில் நாற்பது பேச்சு பேசுவோம், ஒருவர் கூட அவர் பக்கத்தில் ஓட்டிப் பேசியது கிடையாது. பின்தங்கியவர்கள் மட்டும்தான் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரு மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது மனைவி பிரிந்துபோய்விட்டார். வழக்கு நடந்தது. யாரோடு இருக்க விருப்பம் என்று நீதிபதி பிள்ளையிடம் கேட்கிற நாளில் இவர் போகவில்லை. அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள், மகள் அம்மாவோடு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. "ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுடுச்சு சார். உள்ள ரெண்டு வயசானவங்க. என்ன செய்யறது?" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்படியும் ஒரு மனிதனா என்று அன்று எனக்குக் கண் கலங்கிப்போனது.

போன மாதம், ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கடைக்கு வந்தார். பவர் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலேயே போனை நீட்டினார். மகள் செய்தி அனுப்பியிருந்தாள். புதன்கிழமை கணவனோடு வெளிநாட்டுக்குப் போகிறாளாம், திரும்பி வருவது எப்போது என்று தெரியாதாம். 'ஞாயிற்றுக்கிழமை உங்ககூட சைக்கிள் ஓட்ட வரலாமாப்பா?'

"பதினஞ்சு வருஷத்துல அவளா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான் சார்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். அப்புறம் என்ன?"

"இந்த ஒரு தடவை நீங்க கடைசில வர்றீங்களா? பஞ்சர் ஒட்டறது, செயின் மாத்தறது எல்லாம் உங்களுக்குக் காட்டியிருக்கேன். பையைத் தந்துடறேன்."

நான் சிரித்தேன். "பொண்ணு உங்க பக்கத்துலயே ஓட்டட்டுமே. கடைசில வந்தா பேசறதுக்கு இன்னும் தோதுதானே?"

அவர் சற்று நேரம் எதிரே இருந்த எழுத்துப் பலகையையே பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் ஏன் மறுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டிலும் சரி, கடைத்தெருவிலும் சரி, என் பின்னால் வர நாதி இல்லை. மாதத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், பதினேழு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். கடன் வாங்கின சைக்கிள், புதுச் செருப்பு. அப்பாவின் நெற்றி அவளுக்கும். அவளுக்காகவே சமதரையாகப் பாதை போட்டிருந்தார், ஒரு மேடு கிடையாது. இருவரும் கடைசியில் சேர்ந்து கிளம்பியதைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கை தூரம் விட்டு ஓட்டினார்கள். அவர் அவளுடைய டயரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு கணக்கு வாத்தியாரின் செயின் அறுந்தது. அன்றுதான் குழுவுக்குப் புதிதாக வந்தவர். கொஞ்ச நேரத்தில் மகள் தனியாக மிதித்துக்கொண்டு முன்னால் வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள்.

"அப்பா போகச் சொல்லிட்டார் அங்கிள். 'நீ முன்னாடி போம்மா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்'னார்" என்றாள். "சின்ன வயசுலயும் இதேதான் சொல்வார்."

நான் அவளுக்காக வேகத்தைக் குறைத்தேன். அவளே மேலும் பேசினாள்.

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும்னுதான் வந்தேன். கோர்ட்டுல அன்னைக்கு மூணு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவர்தான்னு நினைச்சேன். வேலையால வரலையா, இல்ல நான் வேண்டாம்னு வரலையா? போன்ல கேட்டா 'அப்புறம் பேசறேம்மா'ன்னு வச்சுடுவார். பக்கத்துல ஓட்டிக்கிட்டே கேட்டா ஓட முடியாதுல்ல."

ஆஸ்பத்திரி லிஃப்ட் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் வாயால் கேட்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன். அது பெருந்தன்மைதான். ஆனால் அப்படியே சைக்கிளைத் திருப்பி, பின்னால் போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டு அவரை முன்னால் அனுப்பியிருக்கலாம். நாலு கிலோமீட்டர் எதிர்க்காற்று. இதோ வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

ஏரிக்கரைதான் நிறுத்தம். ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தோம். சட்டப்படி காத்திருந்தோம். ஒன்பதரை. பத்து. வெயில் ஏறியது. "வாத்தியாருக்குப் புது சைக்கிளே செஞ்சு குடுக்கறாரோ?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பத்தரைக்கு அவள் கணவன் காரோடு வந்துவிட்டான். மாமியார் வீட்டில் விடைபெறப் போக வேண்டுமாம், பெட்டிகள் கட்டியாகவில்லையாம். அவள் மேலும் பத்து நிமிடம் நின்றாள். பாதையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பையில் எதையோ தேடுவது போல நின்றாள். என் நம்பரை வாங்கிக்கொண்டு, சைக்கிளைக் காரின் டிக்கியில் பாதி ஏற்றிக் கயிறு கட்டிப் போய்விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து வாத்தியாரும் அவரும் வந்தார்கள். லிஃப்ட்காரர் இறங்கியதும் வழக்கம்போலத் தலை எண்ணினார். காலையில் பதினெட்டு எண்ணிய விரல் பதினேழில் நின்றது. யார் இல்லை என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது முன்னால் வேறொருவரை அனுப்பிவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். வாத்தியார்தான் முதலில் என்னிடம் வாயைத் திறந்தார், குரலைத் தாழ்த்தி. "தப்பா நினைக்காதீங்க சார். செயின் பத்து நிமிஷத்துல மாட்டிட்டார். அப்புறம் பிரேக்கைக் கழட்டினார். அது நல்லாத்தான் இருந்துச்சு. சீட்டை ஏத்தினார், இறக்கினார். ரெண்டு சக்கரத்தையும் கழட்டித் துடைச்சார். போலாமான்னு நாலு தடவை கேட்டேன். 'இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கணும்'னார்."

வாத்தியார் முன்னால் போகும்வரை பொறுத்திருந்து, லிஃப்ட்காரர் பக்கத்தில் ஓட்டினேன். அவள் எதைக் கேட்க வந்தாள் என்று சொன்னேன். "அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை இன்னைக்காவது போன்ல சொல்லிடுங்க. புதன்கிழமைக்கு முன்னாடி."

அவர் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

"அன்னைக்கு எந்த லிஃப்டும் நிக்கல சார்" என்றார்.

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீதிபதி கேட்டா அவ அம்மா பேரைத்தான் சொல்லுவா, தெரியும். எனக்கு எதிர்ல சொல்றதைப் பாக்கத் தைரியமில்ல. ஒரு பன்னெண்டு மாடிக் கட்டடத்து மோட்டார் ரூம்ல போய் உக்காந்துக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும். போன் ஒண்ணுகூட வரல."

"சரி, இன்னைக்கு?"

"இன்னைக்கும் அதேதான். அவ கேக்கப் போறான்னு மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. கையில பை இருந்துச்சு."

அந்தப் பை கையில் இருந்தால் தான் என்ன செய்வோம் என்று அவருக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் கடைக்கு வந்து அதை என் கையில் திணிக்கப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஒரே தைரியமான காரியம் அதுவாகத்தான் இருக்கும். அதைச் சிரித்துத் தள்ளியவன் நான்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. அவர் அவளைக் கூப்பிடவில்லை. புதன்கிழமை மதியம் நான் ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அவள் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். 'அங்கிள், நான் எதுக்கு வந்தேன்னு அப்பாகிட்ட சொன்னீங்களா? ஏதாவது சொன்னாரா?'

உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டு வயதானவர்கள் மாட்டிக்கொண்டதால்தான் அன்று வர முடியாமல் போனதாம், ஞாயிற்றுக்கிழமையும் செயின் வேலை இழுத்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'தேங்க்ஸ் அங்கிள். அம்மாகிட்டயும் அப்பவே இதைத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டோம், அன்னைக்கு லிஃப்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சாம். இந்தத் தடவை வேற ஏதாவது சொல்வார்னு நினைச்சேன்.'