டோக்கனாகிப் போன கடிதங்கள்

நர்சிங் முடித்த பெண்ணுக்கு விண்ணப்பத்தோடு தனியாக ஒரு கடிதம் எதற்குக் கேட்கிறார்கள் என்றான் என் தம்பி. சான்றிதழே போதும் என்பது அவன் கட்சி. நான் விடவில்லை. மதிப்பெண் பட்டியல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வார்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நின்றாள், என்ன செய்தாள் என்பதை அவள்தானே சொல்ல வேண்டும்? தம்பி மகள் மூன்று மாலை உட்கார்ந்து எழுதினாள். தேதிகளை மட்டும் நான் சரிபார்த்தேன். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்த ஆறு வாரம் இரண்டாவது பத்தியில் இருந்தது.

ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். புறவழிச்சாலையோரம் ஒரு தனியார் மருத்துவமனை. கடிதம் கட்டாயம் என்று விளம்பரம் கொடுத்தவர்களே அவர்கள்தான். மேசையில் இருந்த அலுவலர் ஒவ்வொரு விண்ணப்பத்திலிருந்தும் கடிதத்தை உருவி, மடித்து, பின்பக்கம் எண் எழுதி, வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கனாக நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கடிதம் பதினொன்று என்ற எண்ணோடு ராதாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் கைக்குப் போனது.

என்ன இது என்று கேட்டேன்.

"நல்ல தாளு அண்ணாச்சி. பின்பக்கம் சும்மாத்தான கெடக்கு."

படிக்காத தாளை எதற்குக் கேட்டீர்கள் என்று குரலை உயர்த்தும்போதே தம்பி மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். இது நான்காவது நேர்காணல்.

"சத்தம் போடாதீங்க பெரியப்பா. எனக்கு இந்த வேல வேணும்."

உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். நர்சிங் கண்காணிப்பாளர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, டயாலிசிஸுக்குத்தான் ஆள் தேவை, புதிதாக முடித்தவர்களை வைத்து என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டாராம். இவள் தன் ஆறு வாரத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"இத ஒரு தாள்ல எழுதித் தரக்கூடாதாம்மா?"

"எழுதிருக்கேன் மேடம். வெளிய பதினோராம் நம்பரா இருக்கு."

அந்த அம்மாள் எழுந்து வெளியே வந்தார். ராதாபுரத்துப் பெண்ணிடமிருந்து தாளை வாங்கி நின்றபடியே படித்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்.

மற்றப் பிள்ளைகளும் எழுதித்தானே கொடுத்திருக்கிறார்கள், அவற்றையும் வாங்கிப் படியுங்கள் என்றேன். இந்த முறை தம்பி மகள் என்னைத் தடுக்கவில்லை. அந்த அம்மாள் நேரமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராதாபுரத்துப் பெண் டோக்கன் இல்லாமல் நின்றாள். அலுவலர் விண்ணப்பக் கட்டிலிருந்து இன்னொரு கடிதத்தை உருவி, மடித்து, பதினொன்று என்று எழுதி அவளிடம் கொடுத்தார்.