கிழித்தெறிந்த தீர்ப்பும் மாதா காட்டிய முகமும்

1995ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் என் கைக்கு ஒரு தாள் வந்தது. அதில் என் பெயர், பிறந்த திகதி, அதற்குக் கீழே ஒரேயொரு வரி. நீதிமன்றத் தீர்ப்பு, மூவாயிரத்துச் சொச்சம் மார்க் கடன். கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடனை நான் கடைசிச் சதம் வரை கட்டி முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அந்த ஒரு வரி என்னை ஏன் அப்படி உலுக்கியது என்று சொன்னால்தான் ஆண்டவர் செய்த உதவி உங்களுக்கு விளங்கும். 1990 கடைசியில் நான் மன்னாரிலிருந்து புறப்பட்டபோது என் மனைவி றெஜினா கர்ப்பமாக இருந்தாள். மகளை நான் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். இருவரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் என் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். இங்கே ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேருக்குப் போதுமான வீட்டின் வாடகை ஒப்பந்தம் ஐப்பசி முடிவதற்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அலையாய் அலைந்து கொலோன் நகரின் ஓரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரி கணவனை இழந்த ஒரு ஜெர்மன் அம்மா. யார் ஒழுங்காகக் கடன் கட்டுகிறார்கள், யார் கட்டவில்லை என்ற விபரங்களைத் திரட்டி வைக்கும் ஒரு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே போய் எடுத்தேன். எனக்கென்ன கடன்? ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான்.

கடன் வந்த கதை இதுதான். முன்பு ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். என்னிடம் மட்டும்தான் ஒழுங்கான வதிவிட அனுமதி இருந்தது. ஆகவே தொலைபேசி என் பெயரில். நான் வேலைக்காக இடம் மாறியபோது, அங்கேயே இருந்த பெடியன் ஒருவன், "அண்ணை, லைனை வெட்டிப்போடாதையுங்கோ. அம்மாவோட கதைக்க வேற வழியில்லை. காசு நான் கட்டுறன்," என்று கெஞ்சினான். தாயோடு கதைக்கக் கேட்பவனுக்கு எப்படி இல்லையென்பது? விட்டுவிட்டேன். அவன் தாயோடும் கதைத்தான், தன் ஊர் முழுவதோடும் கதைத்தான். பிறகு காசு கட்டாமலே கனடாவுக்குப் போய்விட்டான். கடிதங்கள் எல்லாம் பழைய முகவரிக்குப் போயின. தொலைபேசிக் கம்பனிக்காக ஒரு வசூல் நிறுவனம் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுத்தது. ஒருநாள் நீதிமன்றத்தின் வசூல் அதிகாரி என் புதிய அறைக்கு வந்து நின்றார். நரைத்த மீசை, தோல் பை. பக்கத்து அறைக்காரர்கள் பார்க்க, கட்டாவிட்டால் எடுத்துப்போக என் ரீவியை உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மானம் போனது. அந்த மனிதரை நான் மனதாரச் சபித்தேன்.

ஐந்து மாதம், மாதத்தின் முதல் கிழமையில் அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் காசாகவே கட்டினேன். கடைசித் தவணை அன்று, முழுவதும் தீர்ந்தது என்று குறித்து, தீர்ப்பின் மூலப் பத்திரத்தை என்னிடமே தந்தார். ஏதோ சொன்னார். அந்த நாளில் என்ன சொன்னாலும் தலையாட்டுவதுதான் என் ஜெர்மன். வாசல் படியில் நின்று அந்தப் பத்திரத்தையும் பற்றுச்சீட்டுகளையும் துண்டுதுண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதுதானே வழக்கம்? காசு கைமாறியதும் கடன் துண்டைக் கிழிப்போம். கிழித்தால்தான் கடன் தீர்ந்தது. அவர் சொன்னது, "இதைப் பத்திரமாக வைத்திருங்கள்" என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது வசூல் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய கோப்பைத் தேடி எடுக்க ஆறு கிழமையாகும், அவசரமென்றால் மூலப் பத்திரத்தை அனுப்பு என்றார்கள். கிழித்துவிட்டேன் என்றேன். "ஏன் கிழித்தாய்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அறிக்கை தந்த நிறுவனமோ, அத்தாட்சி இல்லாமல் எதையும் மாற்ற ஏலாது என்றது.

அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. பேக்கரி வேலையில் பாண் தட்டுகளைத் தவற விட்டேன். தபால் பெட்டியை ஒரு நாளில் நாலு தரம் திறந்து பார்த்தேன். தெரியாத மனிதர்களோடு ரயிலில் சண்டை பிடித்தேன். வீட்டுக்காரி பத்து நாள் தவணை தந்திருந்தார். அதில் நாலு நாள் போய்விட்டது.

எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். "தாயே, அந்த வரியை அழித்துத் தாரும்," என்று மன்றாடினேன். மன்றாட்டு என்று சொல்கிறேன், உண்மையில் அது சண்டை. செபமாலையைத் தொடங்கினால் இரண்டாம் மணியிலேயே அந்த வசூல் அதிகாரியின் முகம் வந்து நிற்கும். அதே மீசை, அதே தோல் பை. பராக்கு, மனம் அலைகிறது என்று தலையை உதறிவிட்டு மறுபடி தொடங்குவேன். மறுபடியும் வருவார். மூன்று நாள் இப்படி. செபம் கூட எனக்குக் கைகூடவில்லையே என்று அழுதேன்.

எட்டாம் நாள் றெஜினாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். லொட்ஜில் முந்திய நாளும் பொலிஸ் வந்து எல்லோரையும் விசாரித்திருந்தது. நான் அவளுக்குத் தைரியம் சொல்லாமல் என் புலம்பலைக் கொட்டினேன்.

"செபிக்கக்கூட ஏலாமக் கிடக்கு. கண்ணை மூடினா அந்த வசூல்காரன்தான் வாறான்."

றெஜினா சொன்னாள்: "என்னப்பா நீங்கள்? மாதாவிட்ட உதவி கேட்டுப்போட்டு, அவ காட்டுற ஆளைத் துரத்திக்கொண்டிருக்கிறியள். அவ வேற என்னதான் செய்யிறது? போய் அந்தாளிட்டையே கேளுங்கோவன்."

சகோதரங்களே, அந்த அலுவலகம் என் அறையிலிருந்து மூன்று ட்ராம் தரிப்பிடம்தான். வெட்கமும் கோபமும் என்னை அந்தப் பக்கமே பார்க்க விடவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் முன்னால் நின்றேன். என்னை அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. கிழித்த கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு தடித்த கோப்போடு வந்தார். நான் கட்டிய ஐந்து தவணையும் அதில் இருந்தன. திகதி, தொகை, என் கையெழுத்து. தட்டச்சு இயந்திரத்தில் இரு விரலால் தட்டி, கடன் முழுதும் தீர்ந்தது என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தினார். அந்த மனிதரைச் சபித்த வாயால் நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இனி அந்த வரி அழிந்துவிடும்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை. கட்டி முடிந்தது என்று பக்கத்தில் எழுதுவார்கள். தீர்ப்பு வரி மூன்று வருடக் கணக்கு முடியும்வரை நிற்கும்."

நான் கேட்டது அழிப்பதற்கு. கிடைத்தது பக்கத்தில் ஒரு சொல். அந்தச் சொல்லும் அறிக்கையில் ஏறச் சில கிழமை ஆகும் என்றார். தவணையோ அடுத்த நாள் முடிகிறது.

வேறு வழியில்லாமல் கறைபட்ட அறிக்கையையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரியிடம் போனேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஐந்து திகதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"தொலைபேசியில் கதைத்தது யார்?"

"என்னோடு இருந்த ஒரு பெடியன். போய்விட்டான்."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் கட்டினீர்கள்?"

"கையெழுத்து என்னுடையது."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். எனக்கு அது ஒரு யுகம். "ஒன்றும் எழுதாத தாளோடு வருகிறவர் கஷ்டம் வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இதில் எழுதியிருக்கிறது," என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். அந்த மேசையிலேயே நான் குழந்தை போல அழுதேன்.

1996 மாசியில் றெஜினாவும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்தாள். "அப்பாவைத் தெரியேல்லையோ?" என்று றெஜினா கேட்க, "படத்தில இருக்கிறவர் சிரிப்பார். இவர் அழுறார்," என்றாள். போன தை மாதம் மறுபடியும் அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வரி போயிருந்தது. பெரிதாகத் துள்ளவில்லை. நான் கேட்டபடி அன்றைக்கே ஆண்டவர் அதை அழித்திருந்தால், அந்த அம்மாவிடம் நான் கொண்டுபோவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

என் முன்கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கும் செபிக்கிறேன். ஆனால் ஒன்று செய்கிறேன். சனிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் றெஜினாவும் நானும் இருப்போம். உங்களில் எத்தனை பேர் பயத்தில் கடிதங்களைத் திறக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செபியுங்கள், நம்புங்கள், அந்தக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். தனியே திறக்கப் பயமென்றால், சேர்ந்து திறப்போம்.